டீயை யார் நீட்டுவது

பதிவிறக்கம் பாதியில் நின்றுவிட்டது. லேப்டாப்பைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நூரிலா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்கார இடம் இல்லை. மேஜை முழுக்க மாவு விரித்திருந்தது. அம்மா அதைச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் போட, தங்கை ஜிபெக் அள்ளி எண்ணெயில் தள்ளினாள். போர்சோக் உப்பி உப்பி மேலே வந்தது. முற்றத்தில் கறிக் கொப்பரைக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் எல்லாமே நடந்துகொண்டிருந்தது, திரையில் அந்தப் பச்சைக் கோட்டைத் தவிர. நூரிலா அதை விரலால் தட்டிப் பார்த்தாள். தட்டினால் நகராது என்று தெரியும். இருந்தாலும் தட்டினாள்.

"அக்கா, முறைச்சுப் பார்த்தா வெந்துருமா அது?" என்றாள் ஜிபெக்.

"நீ உன் எண்ணெயப் பாரு."

"ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வந்திருக்க. போய்ப் படு. சாயந்தரம் ஓடணும்ல."

"யாரு ஓடுறா?"

"நீதான். எம் பொண்ணுக்குப் பெரியம்மா நீ ஒருத்திதான இருக்க."

அன்றைக்கு ஜிபெக்கின் மகள் பெர்மெத்துக்குத் தளைவெட்டு. நிற்கப் பழகிவிட்ட குழந்தையின் கணுக்கால் இரண்டையும் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலால் கட்டி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து ஓடிவருபவர்களில் யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவர் நூலை வெட்டுவார். அதற்குப் பிறகு குழந்தை தடையில்லாமல் நடக்கும். வெட்டியவரின் குணமும் அதற்குக் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஜிபெக்கின் மாமியார் வீட்டில் செய்ய வேண்டிய விசேஷம் இது. அங்கே கூரையைப் பிரித்துப் போட்டிருந்ததால் இங்கே வந்துவிட்டது. மலையடிவார ஊரான கோச்கோரில் பாதிப் பேர் நண்பகலுக்குள் இந்த முற்றத்தில் இருப்பார்கள்.

நூரிலாவுக்கும் அன்றைக்குத்தான் கெடு. சாயந்தரத்துக்குள் இந்த லேப்டாப்பில் ஜோல்சு ஓட வேண்டும். ஓடினால்தான் அதைத் திருத்த முடியும். திருத்தி அனுப்பாவிட்டால் திங்கள் காலையில் இந்தப் பக்கத்துக்கு அதை அணைத்துவிடுவார்கள்.

ஜோல்சு ஒரு சாட்பாட். தலைநகர் பிஷ்கெக்கில் சில இளைஞர்கள் சம்பளம் வாங்காமல் செய்தது. கணவாயில் பனி விழுந்திருக்கிறதா, பாறை சரிந்திருக்கிறதா, வண்டியை விடுகிறார்களா என்று போனில் எழுதிக் கேட்டால் பதில் எழுதும். சந்தை விலை, மருத்துவமனை நாட்கள் போன்ற ஊர்த் தகவலும் அதில் உண்டு. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், நன்றாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அது வந்தபோது கோச்கோரில் நூரிலா அளவுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் கிடையாது. அவள் டாக்சி நிலையத்தில் இரவு முழுக்க போன் எடுப்பவள். கூப்பிடுபவர்கள் கேட்பது ஒரே கேள்வி: டோலோன் கணவாய் திறந்திருக்கா? அதற்கு முன்னால் எழுபது நலம் விசாரிப்பு. இனிமேல் பாதிப் பேர் மெஷினைக் கேட்பார்கள், தான் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம் என்று நினைத்தாள். ஒரு போன்கூடக் குறையவில்லை.

ஏன் என்று ஜூமா மாமா வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. ஜூமா மாமா அம்மாவின் தம்பி. கோச்கோருக்கும் நரீனுக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறவர். பிப்ரவரியில் ஒரு காலை நிலையத்துக்குள் நுழைந்தவர், தொப்பியில் இருந்த பனியைக்கூடத் தட்டாமல் போனை மேஜை மேல் விட்டெறிந்தார்.

"இத யாருடி செஞ்சது? எந்த வீட்டுப் புள்ளைங்க? அப்பன் ஆத்தா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலயா?"

நூரிலா எடுத்துப் பார்த்தாள். மாமா முறைப்படிதான் தொடங்கியிருந்தார். சலாம் சொல்லியிருந்தார். ஜோல்சு பேசாமல் இருந்தது. ஆடு மாடெல்லாம் சுகமா என்று கேட்டிருந்தார். ஞாயிற்றுச் சந்தையில் செம்மறி விலையை எழுதி அனுப்பியிருந்தது. குழந்தைகள் நன்றாக வளர்கிறார்களா என்று கேட்டதற்குத் தடுப்பூசி போடும் நாட்கள். குளிர்காலம் சிரமமில்லாமல் கழிகிறதா என்று கேட்டதற்கு நிலக்கரிக் கிடங்கின் தொலைபேசி எண். அதற்கு மேல் மாமா ஒன்றும் கேட்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். கணவாயின் உச்சியில் பனியில் மாட்டி, பயணிகளோடு விடியும்வரை இஞ்சினைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"கணவாயப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே மாமா."

"எப்படிக் கேப்பேன்? நான் சலாம் சொல்றேன், அது வாயத் தொறக்கல. நான் ஆட்ட விசாரிக்கிறேன், அது என்கிட்ட ஆடு விக்கப் பாக்குது. எடுத்த எடுப்புல காரியத்தக் கேக்க நான் என்ன போலீஸ்காரனா?"

இதை நூரிலா தள்ளிப் போட்டுப் போட்டு, இந்த வாரம்தான் பிஷ்கெக்குக்கு எழுதினாள். ஜோல்சுவைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்கத் என்பவன் உடனே பதில் போட்டான். அவன் கடிதங்களில் தலையும் இருக்காது வாலும் இருக்காது. 'நரீன் பக்கம் இரண்டாவது செய்தியோடு எல்லோரும் போய்விடுகிறார்கள். யாருக்கும் தேவையில்லை என்று நினைத்தோம். திங்கள் அணைக்கப் போகிறோம்.' அவள் எழுதினாள்: 'தேவை இருக்கிறது. அவமானப்பட்டுப் போகிறார்கள்.' அவன் எழுதினான்: 'அப்படியானால் திருத்தி அனுப்பு. ஞாயிறு மாலைக்குள்.'

சரி என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் தான் யார் என்று ஞாபகம் வந்தது. பிஷ்கெக்கில் தொழில்நுட்பப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவள் அவள். அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. ஒரு காலையில் எழுந்து வகுப்புக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அதற்கு முன்னால் தையல் வகுப்பு, அதற்குப் பின்னால் ஓட்டுநர் உரிமம், நடுவில் ஒரு நிச்சயதார்த்தம். எல்லாம் பாதி. ஊரில் அவளைத் திட்டுவதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை, பாதி என்ற ஒரே சொல் போதும். இந்தப் பச்சைக் கோடும் பாதியில் நிற்பதைப் பார்க்கும்போது அவளுக்கு எரிச்சலோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

முந்தைய நாட்களில் நிரலை இறக்கியிருந்தாள். பைதான் என்ற நிரல்மொழியைப் போட்டிருந்தாள், அது புதியது, வேண்டியது பழையது என்று தெரிந்து எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டிருந்தாள். அதற்கு வேண்டிய துணைத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தாள். மிச்சம் இருந்தது பெரிய மொழிக் கோப்பு ஒன்று, எழுதுபவர் என்ன கேட்கிறார் என்று ஜோல்சு புரிந்துகொள்வது அதை வைத்துத்தான். அதற்கு லேப்டாப்பில் இடமில்லை. உள்ளே இருந்தவற்றில் பெரியவை இரண்டு. ஒன்று ஜிபெக்கின் கல்யாண வீடியோ. இன்னொன்று கல்லூரி என்று பெயரிட்ட ஃபோல்டர். நூரிலா கல்லூரியை அழித்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை. உறுதியாகத்தான் சொல்கிறாயா என்று லேப்டாப் கேட்டபோது மட்டும், இதை அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. ஆம் என்பதை அழுத்தினாள்.

முதல் விருந்தாளிகள் வந்தார்கள். அம்மா அவர்களுக்கு டீ ஊற்றினாள், பாலாடையை நகர்த்தினாள், வைஃபை கடவுச்சொல்லைச் சொன்னாள். அடுத்தவர்கள் வந்தார்கள். டீ, பாலாடை, கடவுச்சொல். பெரிய அறையில் பையன்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் மல்யுத்தம் பார்த்தார்கள். ஜன்னல் விளிம்பில் பச்சைக் கோடு மொத்தமாகச் செத்துப்போயிற்று.

"அம்மா, கடவுச்சொல்ல மாத்திறட்டுமா? ரெண்டே மணி நேரம்."

அம்மா கத்தியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "வீட்டுக்கு வந்தவங்கள வச்சிக்கிட்டு குழாய மூடச் சொல்றியா?"

"குழாய் இல்லம்மா, வைஃபை."

"எல்லாம் ஒண்ணுதான். உனக்கு வேணும்னா நீ வெளிய போய் மொண்டுக்க."

அப்போதுதான் ஜிபெக்கின் மாமியார் குல்சூன் உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லோரையும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்களாகவே பார்ப்பார். வந்ததும் அம்மாவோடு நலம் விசாரிப்பு தொடங்கியது. ஆடுகள், மாடுகள், பிள்ளைகள், முழங்கால், கூரை, மருமகனின் இருமல். முடித்துவிட்டு நூரிலா பக்கம் திரும்பினார்.

"என்னம்மா பண்ற?"

"ஒரு சாட்பாட்டத் திருத்தப் போறேன் சம்பந்தியம்மா."

"முழுசாவா?"

ஜிபெக் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். குல்சூன் ஒரு போர்சோக்கை எடுத்துப் பிட்டார். "கோவிச்சுக்காத. ஓட்டத்துல யார் வேணா ஓடட்டும். ஆனா எம் பேத்தியோட தளைய ஒரு காரியத்த முடிச்சவங்க வெட்டினா எனக்கு நிம்மதி. அவ்வளவுதான்."

கணக்கு டீச்சர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தார். நூரிலா லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

ஜூமா மாமாவின் மினிபஸ் வேலியோரம் நின்றது. மாமா ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க போன்ல நெட் எவ்வளவு இருக்கு?"

"தீராது. எதுக்கு?"

"அந்த மரியாதை கெட்ட பயலத் திருத்துறதுக்கு."

மாமா விதையைத் துப்பிவிட்டுக் கதவைத் திறந்தார். "ஏறு. அவனுக்குன்னா ரெண்டு போன் தரேன்."

மினிபஸ்ஸின் முன் இருக்கையில் அவளுக்கு ஒரு அலுவலகம் கிடைத்தது. வெயில் கண்ணாடி வழியாக முழங்காலில் விழுந்தது. ஏப்ரல் மாதத்துச் சேறு முற்றம் முழுக்க மின்னியது. கொப்பரையிலிருந்து ஆவி. பச்சைக் கோடு நடக்கத் தொடங்கி, பிறகு ஓடி, முடிந்தது. அவள் ஜோல்சுவை இயக்கும் கட்டளையை அடித்தாள். சிவப்பு எழுத்துகள் திரையை நிரப்பின. இன்னொரு முறை அடித்தாள். அதே சிவப்பு.

அதோடு அவள் நெடுநேரம் மல்லுக்கட்டினாள். பிழைச் செய்தியை மூன்று மொழிகளில் தேடினாள். தொகுப்புகளை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். கோப்பு இருக்கும் இடத்தில்தான் இருந்தது, அவள் கண்ணால் பார்த்தாள். இல்லை என்று அடித்துச் சொன்னது ஜோல்சு. மாமா ஒவ்வொரு சிவப்புக்கும் எட்டிப் பார்த்து, 'திட்டுதா?' என்று கேட்டார். திட்டுதுதான். கல்லூரிக்கு எழுந்து போகாமல் விட்ட அந்தக் காலை எப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்படித்தான் இருந்தது. பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. மூடிவிட்டுப் படுத்தால் சுகமாக இருக்கும் என்ற ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

மூடவில்லை. சிவப்பை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள், குடித்துவிட்டு டாக்சி நிலையத்துக்குப் போன் பண்ணுபவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குக் கேட்பதுபோல. கடைசி வரிக்கு முந்தைய வரியில், கோப்பு இருக்கும் பாதையின் நடுவில், ஆறு கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. அங்கே ஒரு பெயர் இருக்க வேண்டும். அவள் பெயர். லேப்டாப் வாங்கிய அன்று தன் பெயரைத் தங்கள் மொழி எழுத்தில் கொடுத்திருந்தாள், எல்லாக் கோப்புகளும் அந்தப் பெயருள்ள ஃபோல்டருக்குள்தான் உட்கார்ந்திருந்தன. எங்கோ தூரத்தில் ஒருவன் எழுதிய துணை நிரலுக்கு லத்தீன் எழுத்தைத் தவிர வேறு எழுத்து இருப்பதே தெரியாது.

"மாமா, குறுக்க நிக்கிறது நான்தான்."

"அது உங்க அம்மாவுக்கு உன் ஆறு வயசுலயே தெரியும்."

எல்லாவற்றையும் தூக்கித் தன் பெயருக்கு வெளியே, மேலே ஒரு வெற்று ஃபோல்டரில் போட்டாள். கட்டளையை அடித்தாள். சிவப்பு வரவில்லை. வெள்ளையாக ஐந்தாறு வரிகள் இறங்கின. பிறகு கர்சர் மட்டும் துடித்தது. நூரிலா தன் போனை எடுத்து, சோதனைக்காகத் தான் உண்டாக்கிய கணக்குக்கு, சலாம் என்று எழுதினாள். லேப்டாப்பில் ஒரு வரி நகர்ந்தது. சலாம். அவள் எழுதியது அங்கே வந்துவிட்டது. ஜோல்சு வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. சொல்லாததைப் பார்த்து அவள் இருக்கையில் குதித்த குதியில் மினிபஸ் ஆடியது.

"பேசுச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா! பேசல! அதே மாதிரி பேசல!"

மாமா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொண்டுவர இறங்கிப் போனார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. நலம் விசாரிப்பை அடையாளம் காண வேண்டும். சலாமுக்குச் சலாம். ஆட்டை விசாரித்தால் சந்தை விலையைத் தூக்கிப் போடாமல், நலம், உங்கள் ஆடுகள் எப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரவுகளில் அவள் வாயால் செய்ததைத்தான் எழுதினாள், அதனால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமா கறியும் ரொட்டியும் கொண்டுவந்ததும் போனை அவர் கையில் கொடுத்தாள்.

"பேசிப் பாருங்க."

மாமா முகத்தை இறுக்கிக்கொண்டு எழுதினார். சலாம். சலாம் வந்தது. அவர் புருவம் ஏறியது. ஆடு மாடெல்லாம் சுகமா? சுகம், உங்க ஆடு மாடு எப்படி? சுகம். குழந்தைகுட்டி எப்படி? நல்லா இருக்காங்க, உங்க வீட்ல? மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, வீட்டுப் புள்ள ஆயிட்டானே!" குளிர்காலம் எப்படிப் போச்சு? நல்லபடியா போச்சு, உங்களுக்கு? எங்களுக்கும் நல்லபடியா போச்சு, களைப்பு ஒண்ணும் இல்லையே? இல்லை, உங்களுக்குக் களைப்பு இல்லையே?

நூரிலா சாப்பிட்டு முடித்தாள். கையைத் துடைத்தாள். மாமா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீட்டாரை விசாரித்துவிட்டு, மேய்ச்சல் நிலத்தின் புல்லுக்கு வந்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"மாமா, கணவாயக் கேளுங்க."

"எப்படிடி கேக்குறது? அவன் இன்னும் விசாரிச்சு முடிக்கல."

"அது நீங்க கேக்குறதால திருப்பிக் கேக்குது."

"அவன் கேக்குறதாலதான் நான் கேக்குறேன்!"

ஜிபெக்கின் கணவன் வந்து எட்டிப் பார்த்தான். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் மினிபஸ்ஸின் எல்லாக் கதவுகளிலும் தலைகள். விஷயம் பரவி, வீட்டுக்குள் இருந்தவர்களும் சோதனைக் கணக்கின் பெயரை வாங்கி எழுத ஆரம்பித்தார்கள். மல்யுத்தம் பார்த்த பையன்கள், கறி பரிமாறியவர்கள், குல்சூன் சம்பந்தியம்மாகூட. லேப்டாப்பில் நலம் விசாரிப்பு மழையாகக் கொட்டியது. ஒருவர்கூடக் கணவாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. நிறுத்துவது முறையில்லை. "ஐயோ, என் போன் சார்ஜ் போகுது, இவன் என் மச்சினன இன்னும் விசாரிக்கல!" என்று யாரோ பெரிய அறையிலிருந்து கத்த, முற்றம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நூரிலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முன்னே மரியாதை இல்லாமல் கெட்டது. இப்போது மரியாதையால் கெட்டுக் கிடக்கிறது. இப்படியே அனுப்பினால் ஜூமா மாமா அடுத்த பனியில் மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கணவாயில் ஏறிவிடுவார்.

டாக்சி நிலையத்தில் யார் நிறுத்துவது? யோசித்தாள். யாரும் நிறுத்துவதில்லை. அடுத்த போன் அடிக்கும், அதுதான் நிறுத்தும். இதற்கு அடுத்த போன் கிடையாது, ஒரே நேரத்தில் நூறு பேரோடு பேசும். அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி இருந்தாள். கதவருகே விரித்திருந்த கம்பளத்தில் இரண்டு பெண்கள் நின்று கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வடக்குத் தெரு, மற்றவள் நரீனிலிருந்து வந்தவள். ஆடுகள், பிள்ளைகள், கூரை, கால்வலி. விடமாட்டார்கள் போலிருந்தது. அம்மா இரண்டு கிண்ணங்களோடு வந்தாள். அவர்கள் பேச்சுக்கு நடுவிலேயே, எந்தத் தயக்கமும் இல்லாமல், ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒவ்வொரு கையில் திணித்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உறிஞ்சினார்கள். அம்மா கேட்டாள்: "அப்புறம், எந்தப் பக்கமா கிளம்புறீங்க?"

நூரிலா கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"அம்மா! எத்தன கேள்விக்கு அப்புறம் டீயக் குடுப்ப?"

"என்னது?"

"விசாரிச்சிக்கிட்டே இருப்பாங்கல்ல. எப்பக் குடுப்ப?"

அம்மா அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஆட்டயும் புள்ளையயும் விசாரிச்சாச்சுன்னா குடுத்துருவேன். அதுக்கு மேல விட்டா டீ ஆறிரும்."

ஜோல்சு இத்தனை நாளும் தன்னை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருந்தது, நூரிலாவும் அதை விருந்தாளியாகத்தான் வளர்த்திருந்தாள். அது வீட்டுக்காரன் ஆக வேண்டும். கிண்ணத்தை நீட்ட வேண்டியது வீட்டுக்காரன். விரல்கள் தாமாக ஓடின. மூன்றாவது விசாரிப்புக்குப் பதில் சொன்னதும் ஜோல்சு திருப்பிக் கேட்காது. அதற்குப் பதிலாக எழுதும்: 'டீ எடுத்துக்கோங்க. எந்தப் பக்கம் பயணம்?'

நிறுத்தி, மறுபடி இயக்கினாள். போனை மாமாவிடம் நீட்டினாள்.

சலாம். சலாம். ஆடு மாடு? சுகம், உங்களது? சுகம். குழந்தைகுட்டி? நல்லா இருக்காங்க. டீ எடுத்துக்கோங்க. எந்தப் பக்கம் பயணம்?

மாமா பெருமூச்சு விட்டார். நிஜமாகவே கிண்ணம் கைக்கு வந்ததுபோலத் தோள் இறங்கியது. நரீன், இன்னிக்கு சாயந்தரம், என்று எழுதினார். டோலோன் திறந்திருக்கிறது, மேலே ஈரப்பனி, இருட்டுவதற்கு முன் தாண்டிவிடுங்கள் என்று பதில் வந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இத பிப்ரவரியிலயே சொல்லியிருக்கலாமேடா," என்றார் போனைப் பார்த்து. திட்டுவதுபோல இல்லை.

குல்சூன் சம்பந்தியம்மா தன் போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு மினிபஸ்ஸுக்கு வந்தார். அவர் டீயை எடுத்துக்கொண்டு, பயணம் எதுவும் இல்லை, முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்று உண்மையை எழுதியிருந்தார். ஜோல்சு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் வரும் கிழமையை எழுதி, முன்கூட்டியே பேர் கொடுக்கச் சொல்லியிருந்தது.

"வியாழக்கிழமையாமே," என்றார். "எம் மகன் கூட எனக்கு விசாரிச்சுச் சொல்லல." பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். "முடிஞ்சிதா?"

"அனுப்பணும்."

"அப்ப அனுப்பு. ஓட்டத்துக்குக் கூப்புடுறாங்க."

நூரிலா திருத்தத்தைச் சேர்த்து, என்ன செய்திருக்கிறாள் என்று நாலு வரி எழுதி, பிஷ்கெக்குக்கு அனுப்பினாள். அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றிச் சுற்றத் தொடங்கியது. அங்கே சோதனைகள் ஓடுகின்றன என்று அர்த்தம். பச்சையாகலாம், சிவப்பாகலாம். அவள் லேப்டாப்பை மாமாவின் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். கால் மரத்துப்போயிருந்தது.

ஓட்டம் தெருக்கோடியிலிருந்து. பெண்கள் வரிசையில் நின்றார்கள். நூரிலா அம்மாவின் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். இரவு முழுக்கத் தூங்காதவள், பகல் முழுக்க மினிபஸ்ஸில் மடங்கிக் கிடந்தவள். யாரோ கைதட்டியதும் ஓடினாள். சேறு காதுவரை தெறித்தது. ஒரு செருப்பு பாதியில் நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. விளையாட்டுக் காலணி போட்ட பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி அவளை எளிதாகத் தாண்டிப் போனாள். பரவாயில்லை. நூரிலா இரண்டாவதாக, ஒற்றைச் செருப்போடு, பெர்மெத்தின் முன்னால் வந்து மூச்சிரைத்தாள். குல்சூன் கத்தரிக்கோலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நூரிலாவின் சேற்றுக் காலைப் பார்த்தார்.

"கடைசிவரைக்கும் வந்துட்டியே," என்றார்.

நூல் அறுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெர்மெத் மிரண்டு போய் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

நூரிலாவின் பையில் போன் துடித்தது. ஆஸ்கத். தலையும் வாலும் இல்லாமல் எழுதுபவன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் திறந்தாள்.

சலாம் அக்கா, என்று எழுதியிருந்தான். ஆடு மாடெல்லாம் சுகமா?

அவ்வளவுதான் இருந்தது. அவள் கீழே தள்ளிப் பார்த்தாள், பச்சையா சிவப்பா என்று ஒரு சொல்லும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மிச்ச வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, சலாம், சுகம், உங்களுது எப்படி என்று எழுதினாள். எனக்கு ஒரு பூனைதான், அது சுகம் என்று வந்தது. பிறகு எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டும் மூன்று புள்ளிகள் துள்ளின, நின்றன, மறுபடி துள்ளின.

குழந்தைகள் எல்லாம் நல்லா வளர்றாங்களா?

பதில் எழுதக் கட்டைவிரலைத் தூக்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். பெர்மெத் இரண்டு உள்ளங்கையையும் சேற்றில் ஊன்றி, பின்பக்கத்தை முதலில் தூக்கி, எழுந்துகொண்டிருந்தாள். யாரும் பிடிக்கவில்லை. இரண்டு கணுக்காலிலும் கறுப்பும் வெள்ளையுமாக நூல் துண்டுகள் தொங்கின. அவள் நின்றாள், ஆடினாள், ஒரு காலை மேலே தூக்கினாள். நூரிலா போனைக் கையில் வைத்தபடி, அந்தக் கால் எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.